ஸ்டெரிலைஸ் என்றால் என்ன சார்?

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. மார்க் கிடையாது, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்க வேண்டாம். நான்கே நான்கு ஆங்கிலச் சொற்கள். ஸ்டெரிலைஸ், கிரிட்டிக்கல், அவே, டிஸ்அஃபெக்‌ஷன். அர்த்தம் சொல்லுங்கள் பார்ப்போம்.

முதல் மூன்றுக்கும் ‘இதெல்லாம் ஒரு கேள்வியா?’ என்று முறைப்பீர்கள். ஆஸ்பத்திரியில் கத்திரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுப்பது ஸ்டெரிலைஸ். ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு சொல்வது கிரிட்டிக்கல். அவே என்றால் தள்ளி, தொலைவில். நான்காவதற்கு மட்டும் அகராதியைப் புரட்டுவீர்கள்.

சரி. இதே நான்கு சொற்கள் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில் கூடங்குளம் என்ற ஊரைச் சுற்றி என்ன அர்த்தத்தில் புழங்கின என்று சொல்கிறேன். படித்துவிட்டு, நமக்கு ஆங்கிலம் தெரியுமா தெரியாதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

*

ஆங்கிலச் சொல்வளம் நம் ஊரில் பெரிய வியாபாரம். நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் 1949-ல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இன்றைக்கும் நம் நடைபாதைக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கப்படுகிறது. ஒரு காலத்தில் அதற்குப் பக்கத்திலேயே, கபில்தேவ் சிபாரிசு செய்த ராபிடெக்ஸ் இருக்கும். கபில்தேவே அதைப் படித்துத்தான் இங்கிலீஷ் பேசினாராம். இப்போது புத்தகம்கூட வேண்டாம். செல்போனைத் திறந்தால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வருகிறார். ‘இனிமே வெரி டயர்டுனு சொல்லாதீங்க ஃபிரெண்ட்ஸ், எக்ஸாஸ்டட்னு சொல்லுங்க’ என்கிறார். நாமும் சரி என்று ஒரு லைக் போட்டுவிட்டு எக்ஸாஸ்டட் ஆகிறோம்.

இதை நான் கேலி செய்யவில்லை. வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு சென்னைக்கு இன்டர்வியூவுக்கு வருகிற பெண்ணுக்கு இந்தப் புத்தகங்கள் தேவை. ‘ஆங்கிலமே வேண்டாம்’ என்று மேடையில் முழங்கிவிட்டு, சொந்தப் பேரனை கான்வென்ட்டில் விட்டுவிட்டு வருகிற கட்சியில் நான் இல்லை. எல்லோரும் ஆங்கிலம் படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும்.

என் சண்டை வேறு. ‘அட்வான்ஸ்டு வொகாபுலரி’ என்று நமக்கு விற்கப்படும் சொற்களைப் பாருங்கள். எல்லாம் அடுத்தவரை அசத்துவதற்கானவை. உங்கள் நிலத்தை, குடிநீரை, வீட்டுக் கடனை, ஜாமீனைத் தீர்மானிக்கிற சொற்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. அந்தச் சொற்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் வேறு யாரோ என்று நாமும் விட்டுவிட்டோம். கூடங்குளத்து ஜனங்களால் அப்படி விட முடியவில்லை.

*

ஸ்டெரிலைஸில் ஆரம்பிப்போம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் 1988 நவம்பர் 20 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். சோவியத் யூனியனே உடைந்துபோனதால் கொஞ்ச காலம் திட்டம் தூங்கியது. 1998-ல் எழுப்பினார்கள், 2002-ல் முதல் உலைக்கு கான்கிரீட் கொட்டினார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1991 ஏப்ரலில், தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. அணுஉலையிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதிக்கு அதில் வைத்திருந்த பெயர் ‘ஸ்டெரிலைசேஷன் ஸோன்’.

கூடங்குளம், இடிந்தகரை எல்லாம் இந்த 5 கிலோமீட்டர் வட்டத்துக்கு உள்ளேதான்.

நம் கிராமங்களில் ஸ்டெரிலைசேஷன் என்ற சொல் எந்த வழியாக உள்ளே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு முகாம் வழியாக. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியிருந்த சொல் அது. எமர்ஜென்சி காலத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்ததும் அதுதான். அந்தச் சொல்லைத் தூக்கி ஒரு ஊர்மீது ஒட்டினால் ஊர் என்ன நினைக்கும்?

‘அய்யய்யோ, அதற்கு அந்த அர்த்தம் இல்லை’ என்று அதிகாரிகள் பின்னால் விளக்கினார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை விதிகளின்படி அர்த்தம் இதுதான்: இருக்கும் ஜனங்கள் இருக்கலாம், அவர்களுடைய குடும்பம் இயல்பாகப் பெருகலாம். ஆனால் வெளியிலிருந்து ஆட்களை ஈர்க்கும்படியான புதிய தொழிற்சாலை, பெரிய குடியிருப்பு எதையும் அரசு அனுமதிக்கக் கூடாது. ஒரு விபத்து என்றால் அவசரமாக வெளியேற்ற வேண்டிய கூட்டம் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதிதான். அப்படியானால் அதைக் ‘குடியேற்றக் கட்டுப்பாட்டு வட்டம்’ என்று தமிழில் எழுத என்ன கேடு? ஒரு தாசில்தார் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பெயர்.

விஷயம் இதோடு முடியவில்லை. பின்னாளில் திருத்திய விதிகளில் இதே 5 கிலோமீட்டர் வட்டத்துக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். புதுப் பெயர் என்ன தெரியுமா? ‘நேச்சுரல் குரோத் ஸோன்’. இயல்பு வளர்ச்சி மண்டலம்! முதலில் வைத்த பெயரைக் கேட்டால் அங்கே ஒன்றும் வளரக் கூடாது. இப்போது வைத்த பெயரைக் கேட்டால் எல்லாம் இயல்பாக வளரும். வட்டம் அதேதான், கடலும் அதேதான். எதிர்ப்பதம் படிக்க விரும்புகிறவர்கள் நார்மன் லூயிஸை மூடிவைத்துவிட்டு அணுசக்தித் துறையின் ஆவணங்களைப் படிக்கலாம்.

*

முதல் இரண்டு உலைகளுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கவே இல்லை. 1989-லேயே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாகிவிட்டது. கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி வந்ததோ 1990-களின் பிற்பகுதியில். மூன்றாவது முதல் ஆறாவது வரையான உலைகளுக்குத்தான் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது. 2006 அக்டோபரில் கூட்டம் என்றார்கள், தள்ளிப்போனது. 2007 ஜனவரியில் என்றார்கள், மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2007 ஜூன் 2 அன்று, கூடங்குளத்தில் அல்ல, திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் பலத்த போலீஸ் காவலோடு நடந்தது.

அந்த ஜனங்கள் கேட்ட முதல் கேள்வி அணுவைப் பற்றியதே இல்லை. ‘அறிக்கையைத் தமிழில் கொடுங்கள், படித்துவிட்டுப் பேசுகிறோம்’ என்பதுதான். நாக்பூரில் இருக்கும் ‘நீரி’ என்ற ஆய்வு நிறுவனம் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அது. தடித்தடியான ஆங்கிலம். 2006-ல் வந்த மத்திய அரசின் விதி என்ன சொல்கிறது என்றால், அறிக்கையின் சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில் இருந்தால் போதும். அதாவது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பதன் முழு விவரம் ஆங்கிலத்தில். கதைச் சுருக்கம் உங்கள் மொழியில். வீடு வாங்கும்போது பத்திரத்தின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவீர்களா?

‘ஆயிரக்கணக்கான பக்கம் சார். அணு விஞ்ஞானம் சார். அதையெல்லாம் தமிழில் கொண்டுவர முடியுமா?’ என்று நம்மிலேயே பலர் கேட்பார்கள். கேட்கிறவர்களில் தமிழ் எம்.ஏ.க்களும் உண்டு என்பதுதான் வேதனை.

முடியுமா என்று எங்கே போய்க் கேட்கிறீர்கள்? கூடங்குளத்தின் உலைகள் ரஷ்யத் தயாரிப்பு. அவற்றை வடிவமைத்தவர்கள் ரஷ்ய மொழியில் யோசித்தவர்கள். நம் பொறியாளர்கள் ரஷ்யாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்கள். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வர முடிந்த அணு விஞ்ஞானத்துக்கு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரத்தான் கால் வலித்துவிட்டதா?

ஒரு வேடிக்கை பாருங்கள். இதே சோவியத் யூனியன்தான் ஒரு காலத்தில் மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் அச்சடித்து நமக்கு அனுப்பியது. பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ தமிழில் வந்தது, நினைவிருக்கிறதா? பளபள தாள், கெட்டி அட்டை, விலை சில ரூபாய். நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் வேன் ஊருக்கு வந்தால் ஓடிப்போய் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. விளையாட்டுப் பௌதிகத்தைத் தமிழில் அனுப்பிய தேசத்தின் அணுஉலை, தமிழ் இல்லாமல் வந்து இறங்கியது. அனுப்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்டவர்கள் கேட்கவில்லை.

கூடங்குளம் இருக்கிற அதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இடையன்குடி இருக்கிறது. 1841-ல் அங்கே வந்து குடியேறினார் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல். பனையேறிகளோடு பேசுவதற்காகத் தமிழ் கற்றார். கற்றது எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில். அவர் நோக்கம் மதம் பரப்புவது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரில் இருக்கிற ஆளுக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அந்த வெள்ளைக்காரருக்கு இருந்தது. நம் அணுசக்தித் துறைக்கு அந்தக் கவலை வந்ததாகத் தெரியவில்லை. அறிவியலைத் தமிழில் எழுத ஆள் இல்லை என்ற சால்ஜாப்பும் நெல்லைச் சீமையில் செல்லாது. பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதிய பெ.நா.அப்புஸ்வாமி இந்தப் பக்கத்து மனிதர்தான். 1950-களிலும் 60-களிலும் பெரியசாமித் தூரன் தலைமையில் 10 தொகுதி கலைக்களஞ்சியத்தையே தமிழில் போட்டுக் காட்டிய நாடு இது.

*

இப்போது கிரிட்டிக்கல்.

2013 ஜூலை 13 இரவு, கூடங்குளத்தின் முதல் உலை ‘கிரிட்டிக்கல்’ ஆனது. மறுநாள் பத்திரிகைகளில் மகிழ்ச்சிச் செய்தி. அணுவைப் பிளக்கும் தொடர்வினை வெளி உதவியில்லாமல் தானே சீராக நடக்கத் தொடங்குவதற்கு அந்தத் துறையில் அப்படிப் பெயர். ஓர் உலைக்கு அது பிறந்தநாள் மாதிரி. ஆனால் நம் ஜனங்களுக்குக் கிரிட்டிக்கல் என்றால் அழுகைதானே? ‘நேற்று ராத்திரி கிரிட்டிக்கல் ஆயிட்டுது’ என்று டி.வி.யில் சிரித்த முகத்தோடு சொன்னால், கேட்கிறவர் யாரைப் பார்த்து என்னவென்று கேட்பார்?

கேட்டார்கள், கற்றுக்கொண்டார்கள். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவை டி.வி.யில் பார்த்தார்கள். அதே ஆண்டு இங்கே ‘ஹாட் ரன்’ என்ற வெப்ப ஓட்டச் சோதனையில் பெருஞ்சத்தம் எழுந்தது. அதன் பிறகு இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில் உட்கார்ந்து, பீடி சுற்றிக்கொண்டே அந்தப் பெண்கள் கற்றதுதான் என் பார்வையில் அட்வான்ஸ்டு வொகாபுலரி. சீசியம், ஸ்ட்ரான்ஷியம், கோர் கேட்சர், ஸ்பென்ட் ஃபியூயல். கோர் கேட்சர் என்றால் உலையின் மையம் உருகி ஊற்றினால் கீழே பிடித்துக்கொள்ளும் பாத்திரம். சீவர்ட் என்றால் உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் பாதிப்பை அளக்கிற அளவு. அணுமின் நிலையத்தால் பொதுமக்களில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கூடுதலாகப் போகக் கூடாது என்பது விதி. இதை இன்ஜினியரிங் காலேஜ் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

அவர்களுக்கு யாரும் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. கொடுத்தது வேறு. ‘படிக்காத ஜனங்கள், வதந்தியை நம்புகிறார்கள், யாரோ தூண்டிவிடுகிறார்கள்’ என்றார்கள். 2012-ல் இதன் உச்சகட்டம். போராடுகிறவர்களுக்கு மனநல ஆலோசனை தருவதற்காக பெங்களூர் ‘நிம்ஹான்ஸ்’ நிறுவனத்தின் உதவியை மத்திய அரசு நாடியது. சுவாமி, அவர்கள் கேட்டது மொழிபெயர்ப்பாளரை. நீங்கள் ஏன் மனநல மருத்துவரை அனுப்புகிறீர்கள்?

படிக்காத ஜனங்கள் என்கிறீர்களே, படிக்கக் கேட்டதைக் கொடுத்தீர்களா? உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட ஆய்வறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். வணிக ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ‘பயப்படாதே, எல்லாம் ஆராய்ந்துவிட்டோம்’ என்று ஒரு வாய் சொல்லுகிறது. ‘ஆராய்ந்ததைக் காட்டு’ என்றால் இன்னொரு வாய் கோர்ட்டுக்குப் போகிறது.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. அணுஉலையை ஆதரிக்கிறவரும் இந்த இடத்தில் என்னோடுதான் நிற்க வேண்டும். உங்கள் திட்டம் நல்ல திட்டம் என்றால், அதைப் புரிய வைப்பதில்தானே உங்களுக்கு லாபம்?

*

அவே என்ற சின்னச் சொல்லுக்கு வருகிறேன். எல்.கே.ஜி.யில் ‘ரெயின் ரெயின் கோ அவே’ என்று பாடும்போதே கற்றுக்கொண்டோம், இல்லையா?

உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் சாம்பல் மாதிரி ஆறிப்போய்விடாது. வெளியே எடுத்த பிறகும் கொதித்துக்கொண்டே, கதிர் வீசிக்கொண்டே இருக்கும். பல வருடம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்க வேண்டும். முதல் தொட்டி உலைக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. அது நிரம்பினால் அடுத்து எங்கே வைப்பது? அதற்காக ஒரு தனிக் கிடங்கு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 5 வருடம் கெடு கொடுத்தது, பிறகு கெடுவை நீட்டியது. அந்தக் கிடங்கின் பெயர் ‘அவே ஃப்ரம் ரியாக்டர்’. உலைக்கு அப்பால்.

அடேயப்பா, எங்கேயோ பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறார்கள் போல என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டீர்களா? அது கட்டப்படுவது கூடங்குளம் வளாகத்துக்கு உள்ளேயேதான். உலைக் கட்டடத்துக்கு வெளியே என்பதால் ‘அப்பால்’. பொறியாளரின் கணக்கில் அது சரியான சொல். கூடங்குளத்து மனிதருக்கு அது எங்கேயும் அப்பால் போகவில்லை. 2019 ஜூலை 10 அன்று இதற்கான கருத்துக்கேட்பு ராதாபுரத்தில் நடப்பதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் கம்ப்யூட்டர்களுக்குள் வைரஸ் புகுந்துவிட்டதாமே என்று கேள்வி எழுந்தபோது, ‘ஸ்டாண்ட் அலோன்’ அமைப்பு, வெளித்தொடர்பே இல்லை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். 24 மணி நேரம் கழித்து, ஆமாம், நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் புகுந்திருந்தது, உலையை இயக்கும் அமைப்பில் அல்ல என்றார்கள். இரண்டு அறிக்கையிலும் ஆங்கிலம் அப்பழுக்கில்லாதது.

*

கடைசிச் சொல், டிஸ்அஃபெக்‌ஷன். அகராதியில் பார்த்துவிட்டீர்களா?

இந்திய தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. சட்டப்படி அமைந்த அரசின் மீது டிஸ்அஃபெக்‌ஷன், அதாவது அன்பின்மை, வெறுப்பு உண்டாக்கினால் ஆயுள் தண்டனை வரை போகலாம். வெள்ளைக்காரன் செய்த சட்டம். திருநெல்வேலிக்கும் இந்தப் பிரிவுக்கும் பழைய உறவு உண்டு. 1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது இதே பிரிவை வைத்துத்தான். வ.உ.சி. பேசியது தமிழில். தண்டனை வந்தது ஆங்கிலத்தில்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2011-லும் 2012-லும், அதே மாவட்டத்தில் அதே பிரிவு. கூடங்குளம் காவல் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. மீன் பிடிக்கிறவர், பீடி சுற்றுகிறவர், இன்னும் யார் யாரோ. அரசின் மீது அன்பில்லாமல் போனார்களாம். அன்பு என்ன ரேஷன் அரிசியா, அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள? 2013 மே 6 தீர்ப்பில் உலைக்குப் பச்சைக்கொடி காட்டிய உச்ச நீதிமன்றமே, மக்கள் மீதான கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று சொன்னது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பாஸ்போர்ட் கேட்டுப் போன இளைஞர்கள் தங்கள் பெயரில் வழக்கு இருப்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். 2021-ல்தான் பல வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124-ஏ-யையே நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே போய், சமஸ்கிருதப் பெயரோடு புதிய சட்டம் வந்தது. அதன் 152-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ‘செடிஷன்’ என்ற சொல் இல்லை. வாசனை இருக்கிறது.

அந்த 2013 தீர்ப்பும் ஆங்கிலம்தான். சின்னச் சின்ன அசௌகரியங்களும், சின்ன அளவிலான கதிர்வீச்சுப் பாதகங்களும், இந்தத் திட்டத்தால் நாட்டுக்குக் கிடைக்கும் பெரிய நன்மைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘பாதகம்’ என்று நான் எழுதினேனே, அதற்கு அவர்கள் போட்ட சொல் ‘டெட்ரிமென்ட்’. தமிழில் சொன்னால் கொஞ்சம் சுடுகிறது, இல்லையா? ஆங்கிலத்தில் சுடாது.

*

‘கூடங்குளத்துக்காரர்கள் பாவம்தான். எனக்கென்ன?’ என்று அண்ணா நகர் பால்கனியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பரே, உங்களிடம் வருகிறேன்.

2020 மார்ச் மாதக் கடைசியில், கொரோனா ஊரடங்கின்போது, வங்கிக் கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி ‘மாரட்டோரியம்’ அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக் கொண்டாடினார்கள்! எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஜி.ஆர்.இ. பரீட்சைக்காக 3,000 வார்த்தை மனப்பாடம் செய்தவன், பேசினால் ஷேக்ஸ்பியர் எழுந்து நிற்பார். மூன்று மாதம் இ.எம்.ஐ. கட்டாமல் இருந்துவிட்டு, அதற்கும் வட்டி ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் வங்கியில் போய்ச் சண்டை போட்டான். மாரட்டோரியம் என்றால் தள்ளிவைப்பு, தள்ளுபடி அல்ல. வட்டிக்கு வட்டி போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 3,000 வார்த்தையில் அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. அல்லது இருந்தும், பரீட்சைக்கான சொல்லாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டும் சம்மதப் படிவத்தை நீங்கள் முழுக்கப் படித்ததுண்டா? இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘எக்ஸ்க்ளூஷன்’ என்ற தலைப்பின் கீழே பொடி எழுத்தில் இருப்பதை? கூடங்குளத்திலும் ஒரு எக்ஸ்க்ளூஷன் ஸோன் உண்டு, தெரியுமோ? உலையைச் சுற்றி யாரும் குடியிருக்கக் கூடாத முதல் வட்டம். உங்கள் பாலிசியிலும் ஏறத்தாழ அதே வேலைதான். நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்பது ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், ‘படிக்காத ஜனங்கள்’ என்று இடிந்தகரையைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்குக் கிடையாது. அவர்கள் தங்களுக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள். நாம் புரியாமலேயே போட்டுவிட்டு, புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்.

2020-ல் புதிய சுற்றுச்சூழல் விதிகளின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும். எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று டெல்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை. வக்கீலைத் தேடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு மொழிதான் சட்டப்படி கட்டாயம் என்பது வாதம். தமிழ் செம்மொழி என்று 2004-ல் அறிவித்ததும் இதே மத்திய அரசுதான். செம்மொழிக்குப் பொன்னாடை போர்த்தலாம், அதில் நோட்டீஸ் அடிக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் மாநில அரசும் யோக்கியம் இல்லை. 1991-ன் அந்த ஸ்டெரிலைசேஷன் ஆணை கோட்டையிலிருந்து போனதுதானே? ‘எங்கும் தமிழ்’ என்று பேருந்து நிலையத்தில் எழுதிவைக்கிற அரசு, இடத்தைக் காலி செய்யச் சொல்லும்போது மட்டும் ஏன் இங்கிலீஷ் பேசுகிறது?

சட்டமே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் 4-வது பிரிவின் 4-வது உட்பிரிவு இருக்கிறது. அரசு தானாக வெளியிட வேண்டிய தகவல்களை வெளியிடும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அணுசக்தித் துறைக்கு மட்டுமில்லை, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குப்பை எரிக்கும் ஆலை கட்டப்போகிற மாநகராட்சிக்கும் சேர்த்துத்தான். உங்கள் பகுதியில் அடுத்து வரப்போகிற சாலை, மேம்பாலம், ஆலை எதுவானாலும் அதன் முழு அறிக்கையைத் தமிழில் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். 6-வது பிரிவின்படி விண்ணப்பத்தை நீங்கள் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய்.